இருபது கிளப் மாறியவர் தோற்றவரா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு கிளப்பில் இரண்டு வருடம், அடுத்ததில் ஒரு வருடம், நடுவில் ஆறு மாதம் லோன் (சொந்த கிளப்பின் ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே இன்னொரு கிளப்புக்குக் கொஞ்ச காலம் ஆடுவது) என்று போய்க்கொண்டே இருக்கிற, கோல் போடுவதே முக்கிய வேலையான கால்பந்து ஸ்ட்ரைக்கர்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் மிகவும் பிடித்த விஷயம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரு ஸ்ட்ரைக்கர் பத்துப் பதினைந்து கிளப் மாறியிருக்கிறார் என்றாலே எங்கேயும் நிலைக்க முடியாதவர், அதாவது தோற்றவர் என்றுதானே அர்த்தம்? என் நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பதில்: நண்பர்களிடம் ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள். ஒன்றுக்கும் உதவாத ஆளை எதற்காகப் பதினைந்து கிளப்புகள் கூப்பிட்டுச் சம்பளம் பேசி ஜெர்சி கொடுத்தன? பதினைந்து இடங்களில் யாரோ ஒருவர் அவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு "இவர் நமக்கு கோல் போடுவார்" என்று நம்பிப் பணத்தை வைத்திருக்கிறார். தொழில்முறைக் கால்பந்தில் ஒரே ஒரு ஒப்பந்தம் கிடைப்பதே பெரிய விஷயம், பலருக்கு அந்த முதல் ஒப்பந்தத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரெயுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருக்கு 26-வது கிளப், கின்னஸ் சாதனையாகவே பதிவானது. அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. 2021-ல் 44 வயதில் ஓய்வுபெற்றபோது கணக்கு முப்பதைத் தாண்டியிருந்தது, மொத்தம் 11 நாடுகள். இதே மனிதர்தான் 2002-ல் க்ரூஸ் அசூலுக்காக ஆடி மெக்சிகோ லீக்கில் அதிக கோல் அடித்தவர், தேசிய அணிக்காக 70 ஆட்டங்களில் 26 கோல் போட்டவர். 2010 உலகக் கோப்பை காலிறுதியில், கானாவுக்கு எதிரான பெனால்ட்டி ஷூட்அவுட்டில், ஒரு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது உதையை எடுக்க வந்து, கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்தை நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டாரே, அவரேதான். 1970-க்குப் பிறகு உருகுவே அரையிறுதிக்குப் போனது அந்த ஒரு உதையில். அவரைத் தோற்றவர் என்று யார் சொல்வார்கள்?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு முறையும் ஏன் கிளம்பினார் என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டார்களா, கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிச் சம்பளம் கொடுக்க முடியாமல் விற்றதா, நல்ல விலை வந்ததால் விற்றார்களா, பயிற்சியாளர் மாறினாரா, சக வீரர்களோடு சண்டையா? கடைசிக் காரணத்துக்காக அடிக்கடி மாறுகிறவர்களும் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் முதல் நான்கு காரணங்களில் அந்த வீரர் கையில் இருப்பது மிகக் குறைவு.

கேள்வி: ஏன் ஸ்ட்ரைக்கர்கள் மட்டும் இப்படி அலைகிறார்கள்? டிஃபெண்டர்கள் ஒரே இடத்தில் பத்து வருடம் ஆடுகிறார்களே.

பதில்: டிஃபெண்டர்களிலும் கோல்கீப்பர்களிலும் அலைகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்ரெயுவுக்கு முன்னால் பேசப்பட்ட லுட்ஸ் ஃபான்னென்ஸ்டீல் ஒரு ஜெர்மன் கோல்கீப்பர், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் வீரர். ஆனாலும் உங்கள் கேள்வியில் உண்மை இருக்கிறது.

ஸ்ட்ரைக்கரின் வேலை எல்லோருக்கும் எண்ணில் தெரிகிறது. ஒரு நடுக்கள வீரர் ஐந்து ஆட்டம் சுமாராக ஆடினால் கவனிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஸ்ட்ரைக்கர் ஐந்து ஆட்டம் கோல் போடாவிட்டால் அதுவே தலைப்புச் செய்தி. ஜனவரியில் ஒரு கிளப் அட்டவணையின் அடியில் கிடக்கிறது என்றால் நிர்வாகம் முதலில் தேடுவது கோல் போடுகிற ஆளைத்தான். அந்த ஆள் வருகிறார், நான்கு மாதம் ஆடுகிறார், கிளப் தப்பித்தாலும் தப்பிக்காவிட்டாலும் மே மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. கூப்பிடும்போது முதலில் கூப்பிடுவதும் இவரைத்தான், அனுப்பும்போது முதலில் அனுப்புவதும் இவரைத்தான்.

இன்னொன்று, இடமே குறைந்துவிட்டது. முன்பு 4-4-2 (பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர் என்கிற கணக்கு) என்று இரண்டு ஸ்ட்ரைக்கர்களை இறக்கிய அணிகள் பின்னால் 4-2-3-1, 4-3-3 என்று ஒருவரை மட்டும் நடுவில் நிறுத்த ஆரம்பித்தன. அணியில் நான்கு ஸ்ட்ரைக்கர்கள் இருந்தால் மூன்று பேர் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த மூவரில் ஆடியே தீரவேண்டும் என்கிற பசி இருக்கிறவர் பெட்டியைக் கட்டுகிறார். எனக்கு அந்தப் பசி பிடிக்கும். பெரிய கிளப்பின் பெஞ்சில் நல்ல சம்பளத்தோடு மூன்று வருடம் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் பொருத்தம். நெதர்லாந்தின் வவுட் வெக்ஹோர்ஸ்ட் 2020-21-ல் வோல்ஃப்ஸ்பர்க்குக்காக ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவில் 20 கோல் போட்டு அந்த அணியை ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குக் கொண்டுபோக உதவியவர். 2022 உலகக் கோப்பை காலிறுதியில் மாற்று வீரராக இறங்கி அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல், அதில் இரண்டாவது கோல் 90 நிமிடத்துக்குப் பிறகு நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் 11-வது நிமிடத்தில். ஒரு மாதம் கழித்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு லோனில் போனார், பிரீமியர் லீக்கில் 17 ஆட்டம் ஆடினார், ஒரு கோல்கூட இல்லை. ஒரு மாதத்தில் அவருக்கு ஆட்டம் மறந்துபோகவில்லை. வோல்ஃப்ஸ்பர்க்கில் பந்து அவருக்கு எப்படி வரும், எந்த உயரத்தில் வரும் என்பதற்கு ஏற்றபடி மொத்த அணியும் ஆடியது. யுனைடெட்டில் அவருக்குக் கொடுத்த வேலையே வேறு: ஓடி அழுத்தம் கொடுப்பது, மற்றவர்களுக்கு இடம் திறந்துவிடுவது. பயிற்சியாளர் அதில் திருப்தியாகத்தான் இருந்தார். கோல் கணக்கு மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

கேள்வி: ஒரே சீசனில் எத்தனை கிளப்புக்கு வேண்டுமானாலும் ஆடலாமா? லோன் என்றால் சம்பளம் யார் கொடுப்பார்கள்?

பதில்: ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்புகளில் பதிவு செய்யலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடுவது இரண்டு கிளப்புக்கு மட்டும்தான் (வெவ்வேறு காலத்தில் சீசன் நடக்கும் நாடுகளுக்கு இடையே மாறினால் சில விலக்குகள் உண்டு). வெக்ஹோர்ஸ்ட் விஷயத்திலேயே பாருங்கள், அவருடைய சொந்த கிளப் இங்கிலாந்தின் பர்ன்லி, அங்கிருந்து லோனில் துருக்கியின் பெஷிக்டாஷ், அதை நடுவிலேயே முடித்துக்கொண்டு யுனைடெட். அந்த சீசனில் பர்ன்லிக்கு ஆடியிருந்தால் இது நடந்திருக்காது.

லோன் சம்பளம் பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. முழுவதும் புது கிளப் கொடுக்கலாம், பாதிப் பாதியாகப் பிரிக்கலாம், சொந்த கிளப்பே பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு "ஆடட்டும், விலை ஏறட்டும்" என்று அனுப்பலாம். 2022 ஜூலை முதல் சர்வதேச லோன்களுக்கு ஃபிஃபா கட்டுப்பாடு கொண்டுவந்தது: ஒரு லோன் அதிகபட்சம் ஒரு வருடம்தான், லோனில் வந்தவரை இன்னொரு கிளப்புக்கு லோனில் அனுப்பக் கூடாது, ஒரு கிளப் வெளியே அனுப்பும் எண்ணிக்கை 2024-25 முதல் ஆறுக்கு மேல் போகக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்ட, கிளப்பே வளர்த்த வீரர்களுக்கு மட்டும் விலக்கு. இது வரவேற்க வேண்டிய மாற்றம். அதற்கு முன் சில பெரிய கிளப்புகள் டஜன் கணக்கில் இளைஞர்களை வாங்கி, ஒருநாள்கூடத் தங்கள் அணியில் இறக்காமல், வருடா வருடம் வேறு வேறு நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

லோனில் நல்லதும் நடக்கும். போர்ச்சுகலின் எடர் ஸ்வான்சியில் ஒரு கோலும் போடாமல் 2016 தொடக்கத்தில் பிரான்சின் லில்லுக்கு லோனில் போனார். அங்கே கோல் வந்தது, அதனால் போர்ச்சுகல் அணியில் இடம் தக்கவைத்தார், ஜூலை 10 அன்று ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை இறுதிப்போட்டியில் மாற்று வீரராக இறங்கி 109-வது நிமிடத்தில் தூரத்திலிருந்து அடித்த கோலில் போர்ச்சுகல் தன் முதல் பெரிய கோப்பையை வென்றது. அந்த லோன் நடக்காமல் போயிருந்தால் அவர் அந்த அணியிலேயே இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

கேள்வி: கோடிக்கணக்கில் டிரான்ஸ்ஃபர் தொகை என்று செய்தியில் வருகிறதே, அது வீரருக்குப் போகுமா?

பதில்: போகாது. அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுப்பது. ஆர்சனல் 1997-ல் நிக்கோலா அனெல்காவைச் சுமார் 5 லட்சம் பவுண்டுக்கு வாங்கி 1999-ல் 2 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைக்கு ரியல் மாட்ரிட்டுக்கு விற்றது, லாபம் ஆர்சனலுக்கு. வீரருக்குக் கிடைப்பது புது ஒப்பந்தத்தின் சம்பளம், கையெழுத்துப் பணம், கோலுக்கும் வெற்றிக்கும் போனஸ். நாடு விட்டு நாடு போகும் டிரான்ஸ்ஃபராக இருந்தால் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துப் போகும். சின்ன கிளப்புகளில் சில இதை வைத்தே உயிர் பிழைக்கின்றன.

ஒப்பந்தம் முடிந்துவிட்டால் தொகையே கிடையாது. இதற்கு நன்றி சொல்ல வேண்டியது பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மானுக்கு. 1990-ல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவருடைய கிளப் அவரை விட மறுத்ததால் வழக்குப் போட்டார், 1995 டிசம்பர் 15-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவருடைய ஆட்டக்காலம் போய்விட்டது. இன்று ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போட முடிகிறது என்றால் அது போஸ்மான் தன் வாழ்க்கையைக் கொடுத்து வாங்கித் தந்தது.

கேள்வி: எப்படிப் பார்த்தாலும் நல்ல சம்பளம்தானே? ஊர் ஊராகப் போனால் என்ன கஷ்டம்?

பதில்: இந்த எண்ணம்தான் என்னை மிகவும் வருத்தப்பட வைக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உலக வீரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் 54 நாடுகளில் சுமார் 14,000 தொழில்முறை வீரர்களிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. 45 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மாதம் 1,000 டாலருக்குக் குறைவாக வாங்குகிறார்கள். 41 சதவீதம் பேருக்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமாகியிருக்கிறது. ஒப்பந்தத்தின் சராசரி நீளம் 22 மாதம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஐந்தாறு லீக்குகளை வைத்து இந்தத் தொழிலையே அளந்துவிடுகிறோம், அதற்கு வெளியே இருப்பதுதான் பெரும்பான்மை.

22 மாதம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். புது ஊரில் வீடு பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, மொழியில் நாலு வார்த்தை கற்று, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைத் தெரிந்துகொள்வதற்குள் அடுத்த கிளப்பைத் தேட வேண்டும். பல வீரர்கள் ஒரு கட்டத்துக்குப் பிறகு குடும்பத்தை ஓரிடத்தில் விட்டுவிட்டுத் தனியாகவே போகிறார்கள். மாலை பயிற்சி முடிந்து வாடகை அறையில் தனியாக இருக்கிறவர் மூன்று வாரமாக கோல் போடவில்லை என்றால் அந்த மனசு எப்படி இருக்கும்? காயம் பட்டால் இன்னும் மோசம். முழங்கால் தசைநார் கிழிந்தால் ஒன்பது மாதம் வரை போய்விடும், ஒப்பந்தத்தில் மிச்சம் இருப்பதோ ஆறு மாதம். ஜூன் மாதம் கிளப் இல்லாமல், முழங்கால் கட்டுடன், தொலைபேசிக்காகக் காத்திருப்பது எத்தனையோ ஸ்ட்ரைக்கர்கள் அனுபவித்த விஷயம்.

சம்பளம் வராவிட்டால் என்ன செய்யலாம் என்று இன்னொரு வாசகரும் கேட்டிருந்தார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் வீரர் எழுத்து மூலம் கிளப்புக்கு நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறிக்கலாம், ஃபிஃபா விதியிலேயே இருக்கிறது. வாயால் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தப் பயனும் இல்லை, எழுத்தில் கொடுக்க வேண்டும். உள்ளூர் வீரர்கள் சங்கம் இருந்தால் முதல் நாளே உறுப்பினராகிவிடுவது நல்லது.

கேள்வி: புதிதாக ஓர் அணிக்குப் போகிற ஸ்ட்ரைக்கர் முதல் வாரத்தில் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்? கோல் எங்கேயும் கோல்தானே?

பதில்: நல்ல கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். கோல் கம்பங்களின் அளவு எங்கேயும் ஒன்றுதான். பந்து வருகிற விதம் இடத்துக்கு இடம் வேறு. இன்னொருவருடைய சமையலறையில் அடுப்பு மூட்டுகிற மாதிரி, கைப்பக்குவம் உங்களுடையது, எது எங்கே இருக்கிறது என்பது அவர்களுடையது.

முதலில் அவர் பார்ப்பது மைதானத்தின் ஓரங்களில் ஆடும் விங்கர்களை. வலதுபக்க விங்கர் இடதுகாலாளரா? அப்படியானால் அவர் கோட்டோரம் போய் கிராஸ் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் பந்தை அனுப்புவது) அடிக்க மாட்டார், உள்ளே வெட்டி வந்து வளைத்து அடிப்பார், பந்து தூரக் கம்பத்தை நோக்கி வரும். அதே இடத்தில் வலதுகாலாளர் இருந்தால் கடைசிக் கோடு வரை ஓடிப் பின்னோக்கி இழுத்துக் கொடுப்பார், அப்போது அருகில் இருக்கும் கம்பத்துக்கு ஓடுகிற மாதிரி காட்டிவிட்டுச் சட்டென்று பின்வாங்கி பெனால்ட்டி புள்ளிப் பக்கம் நிற்க வேண்டும். ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடிப்பார், இன்னொருவர் பார்க்காமலேயே அடிப்பார், பார்க்காமல் அடிக்கிறவருக்கு நீங்கள் முன்கூட்டியே ஓடியிருக்க வேண்டும். நடுக்களத்தில் யார் முதல் தொடுதலிலேயே பந்தை முன்னால் விடுவார், யார் மூன்று தொடுதல் எடுத்துக்கொள்வார் என்று தெரியாவிட்டால் உங்கள் ஓட்டமெல்லாம் ஆஃப்சைடில் போய் முடியும்.

அப்புறம் பெனால்ட்டி யார் எடுப்பது என்கிற விஷயம். தொழில்முறை ஆட்டத்தில் நான்கில் மூன்று பெனால்ட்டிக்குக் கொஞ்சம் மேல் கோலாகிறது, வருடத்துக்கு ஐந்து பெனால்ட்டி கிடைக்கும் அணியில் அதை எடுக்கிறவருக்குச் சாதாரணமாக மூன்று நான்கு கோல் கூடும். அடுத்த ஒப்பந்தத்தைத் தீர்மானிக்கிற வித்தியாசம் அது. அனுபவசாலிகள் இதை முதல் வாரமே பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேட்டுவிடுவார்கள், அதில் தவறே இல்லை.

மற்றதெல்லாம் மனிதர்களைப் பற்றியது. பல கிளப் மாறிய ஸ்ட்ரைக்கருக்கு உடைமாற்றும் அறையில் ஒரு மதிப்பு இருக்கும். பத்துப் பயிற்சியாளர்களைப் பார்த்தவர், எது வெறும் பேச்சு எது வேலை என்று அவருக்குத் தெரியும். பதினெட்டு வயதுப் பையன் முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிந்து படுத்திருக்கும்போது "எனக்கும் இதேதான், திரும்பி வந்தேன்" என்று சொல்ல அவரால் முடியும். இதெல்லாம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது, ஆனால் நல்ல பயிற்சியாளர்கள் இதற்காகவே 34 வயதுக்காரரைக் கூப்பிடுகிறார்கள்.

கேள்வி: முப்பது தாண்டினால் ஸ்ட்ரைக்கர் முடிந்தார் என்பது உண்மையா?

பதில்: வேகத்தை நம்பி மட்டும் ஆடுகிறவருக்கு உண்மை. இடத்தை நம்பி ஆடுகிறவருக்கு இல்லை.

இத்தாலியில் இதற்குப் பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. டாரியோ ஹூப்னர் அந்நாட்டின் முதல் டிவிஷனான சீரி ஆ-வில் முதல் ஆட்டம் ஆடியதே 1997-ல், முப்பது வயதில், சான் சீரோ மைதானத்தில் இன்டருக்கு எதிராக, அதிலேயே ஒரு கோலும் போட்டார். 2001-02-ல் பியாசென்சா என்கிற சின்ன அணிக்காக 24 கோல், ட்ரெஸெகேவோடு சேர்ந்து லீக்கிலேயே முதலிடம். மூன்றாவது, இரண்டாவது, முதல் டிவிஷன் மூன்றிலும் அதிக கோல் அடித்தவர் என்கிற பெருமை அவருக்கும் இகோர் புரோட்டிக்கும்தான் உண்டு. கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு படியிலும் வேலை தெரிந்தவர் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

லூகா டோனி இன்னும் ஆச்சரியம். மொடேனா, எம்போலி, லோடிஜியானி, ட்ரெவிசோ என்று கீழ் டிவிஷன்களில் சுற்றிக்கொண்டிருந்தவர், பலெர்மோவில் 2003-04-ல் இரண்டாவது டிவிஷனில் 30 கோல், ஃபியோரென்டினாவில் 2005-06-ல் சீரி ஆ-வில் 31 கோல், அதே கோடையில் உலகக் கோப்பை. பயர்ன் போய் அங்கேயும் லீக்கின் அதிக கோல். பிறகு ரோமா, ஜெனோவா, யுவென்டஸ், துபாய் அல் நாஸர் என்று இறங்குமுகம், எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள். மறுபடி ஃபியோரென்டினாவில் ஒரு சீசன், அதன் பிறகு வெரோனா கூப்பிட்டது. முதல் வருடம் 20 கோல், 2014-15-ல் 22 கோல், இகார்டியோடு சேர்ந்து மறுபடி லீக்கில் முதலிடம், வயது 38. அவர் அப்போது வேகமாக ஓடவே இல்லை, பந்து எங்கே விழும் என்று மற்ற எல்லோருக்கும் ஒரு நொடி முன்னால் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நைஜீரியாவின் பார்தலோமியூ ஓக்பெச்சேவையும் மறக்கக் கூடாது. 17 வயதில் 2002 உலகக் கோப்பை ஆடியவர், பிஎஸ்ஜி, மெட்ஸ், அலாவேஸ், காடிஸ், மிடில்ஸ்பரோ, வில்லம் 2 என்று பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து, நெதர்லாந்து எல்லாம் சுற்றி, 33 வயதில் இந்தியன் சூப்பர் லீக்குக்கு வந்தார். நான்கு கிளப், ஐந்து சீசன், 63 கோல். 2021-22-ல் ஹைதராபாத் கோப்பை வென்ற சீசனில் 37 வயதில் 18 கோலுடன் அதிக கோலுக்கான விருது.

கேள்வி: பழைய கிளப்புக்கு எதிராக கோல் போட்டால் கொண்டாடலாமா?

பதில்: அவரவர் மனசு. 2000-ல் ரோமாவுக்காக ஆடி ஃபியோரென்டினாவுக்கு எதிராக கோல் போட்ட பாட்டிஸ்டூட்டா கொண்டாடவில்லை, கண் கலங்கினார். அங்கே ஒன்பது வருடம் இருந்தவர். 2009-ல் முன்னாள் ஆர்சனல் வீரர் அடேபயோர் மான்செஸ்டர் சிட்டிக்காக ஆர்சனலுக்கு எதிராக கோல் போட்டுவிட்டு மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடி ஆர்சனல் ரசிகர்கள் முன்னால் கொண்டாடி மஞ்சள் அட்டை வாங்கினார். பத்துப் பதினைந்து கிளப் மாறியவர் எல்லாப் பழைய கிளப்புக்கும் மரியாதைக்காக அமைதியாக இருக்க ஆரம்பித்தால் வருடம் முழுக்கக் கொண்டாடவே முடியாது. போட்ட கோலுக்குச் சந்தோஷப்படட்டும்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, ஸ்ட்ரைக்கர். ஐந்து வருடம் பயிற்சி எடுத்த அகாடமி "உயரம் போதாது, வேகம் போதாது" என்று விடுவித்துவிட்டது. சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறான். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: முதல் சில நாள் ஒன்றும் சொல்லாதீர்கள், பக்கத்தில் இருங்கள், போதும். அவனுக்கு இது பெரிய இழப்பு. ஐந்து வருடமாகத் தன்னை அந்த ஜெர்சியாகவே நினைத்துக்கொண்டிருந்தவன்.

அப்புறம் ரிக்கி லாம்பர்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள். லிவர்பூல் அகாடமி 15 வயதில் விடுவித்தது. பிளாக்பூலும் விட்டது. செலவுக்கு ஒரு பீட்ரூட் தொழிற்சாலையில் ஜாடிகளுக்கு மூடி போடும் வேலை செய்துகொண்டே மாக்கிள்ஸ்ஃபீல்டில் ஆடினார். ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று போய் 2009-ல், 27 வயதில், மூன்றாவது டிவிஷனில் இருந்த சவுத்தாம்ப்டனில் சேர்ந்தார். அடுத்தடுத்து இரண்டு உயர்வு, 2012-13-ல் பிரீமியர் லீக்கில் 15 கோல், 2013 ஆகஸ்டில் 31 வயதில் இங்கிலாந்து அணியில் முதல் ஆட்டம், ஸ்காட்லாந்துக்கு எதிராக இறங்கி முதல் தொடுதலிலேயே தலையால் கோல். அடுத்த வருடம் அதே லிவர்பூல் 40 லட்சம் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அங்கே அவருக்குப் பெரிதாக அமையவில்லை, லீக்கில் இரண்டே கோல், அதையும் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கதையை முழுசாகச் சொன்னால்தான் நம்புவான்.

உயரம் குறைவு என்று சொன்னார்களா? கெவின் பிலிப்ஸை சவுத்தாம்ப்டன் இளைஞர் அணியில் ரைட் பேக்காக, அதாவது வலதுபக்க டிஃபெண்டராக, ஆடவைத்து, பிறகு விடுவித்தார்கள். அவர் தொழில்முறை அல்லாத பால்டாக் டவுனில் ஆடி ஸ்ட்ரைக்கராக மாறி, வாட்ஃபோர்ட் வழியாக சண்டர்லாண்டுக்குப் போய் 1999-2000-ல் பிரீமியர் லீக்கில் 30 கோல் போட்டு, ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் போட்டவருக்கான ஐரோப்பியத் தங்கக் காலணி விருதை வென்றார். உயரமானவர் இல்லை அவர்.

இதையெல்லாம் சொன்ன கையோடு இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும்: விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் லாம்பர்ட் ஆவதில்லை. அதனால் படிப்பை விடக் கூடாது. கீழ் டிவிஷன் கிளப் ஏதாவது பெரியவர்கள் ஆட்டத்தில் இறக்குகிறது என்றால் போகட்டும், இன்னொரு அகாடமியின் மூன்றாவது அணியைவிட அது நல்லது. தோற்றால் சம்பளம் பாதிக்கப்படும் ஆட்களோடு வாரா வாரம் ஆடும்போதுதான் ஒரு ஸ்ட்ரைக்கர் உடம்பைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறான்.

கேள்வி: அண்ணா, எனக்கு 27 வயது, இதுவரை ஆறு கிளப். இப்போது இரண்டு அழைப்பு இருக்கிறது. ஒன்று பெரிய கிளப், ஒரு வருடம், அவர்களிடம் ஏற்கெனவே மூன்று ஸ்ட்ரைக்கர்கள். இன்னொன்று கீழ் டிவிஷனில் சின்ன கிளப், இரண்டு வருடம், சம்பளம் கொஞ்சம் குறைவு, பயிற்சியாளர் தானே போன் செய்து பேசினார். ஏஜென்ட் பெரிய கிளப்புக்குப் போகச் சொல்கிறார். எதில் கையெழுத்துப் போடட்டும்?

பதில்: தம்பி, சின்ன கிளப்புக்குப் போங்கள். 27 வயதில் உங்களுக்கு வேண்டியது ஆட்ட நிமிடங்கள். பெரிய கிளப்பில் நான்காவது ஆளாக இருந்து வருடத்துக்கு மூன்று கோலோடு 28 வயதில் வெளியே வந்தால் இப்போது இருக்கும் இந்த இரண்டு அழைப்புகூட இருக்காது. தானே போன் செய்த பயிற்சியாளருக்கு உங்களை எங்கே நிறுத்தப்போகிறோம் என்று மனதில் ஒரு திட்டம் இருக்கிறது. ஏஜென்டின் பங்கு சம்பளத்தில் சதவீதமாக வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருடைய கணக்கும் உங்களுடைய கணக்கும் எல்லா நேரமும் ஒன்றாக இருக்காது.

ஆனால் கையெழுத்துக்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். அந்தப் பயிற்சியாளருக்கே எவ்வளவு காலம் ஒப்பந்தம் இருக்கிறது? அவர் அக்டோபரில் போய்விட்டால் அடுத்தவர் உங்களைப் பார்க்காமலே ஒதுக்கலாம். இரண்டாவது வருடம் உறுதியான ஒப்பந்தமா, இல்லை கிளப் விரும்பினால் நீட்டிக்கும் விருப்பத் தேர்வா? இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம், நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கிளப் கீழே இறங்கினால் சம்பளம் எத்தனை சதவீதம் குறையும், மேலே ஏறினால் எவ்வளவு கூடும் என்று எழுத்தில் இருக்கட்டும். காயத்தின்போது முழுச் சம்பளமா, அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சை தொடருமா? மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள், அப்படி நிபந்தனை வைக்க ஃபிஃபா விதி அனுமதிக்கவில்லை, பரிசோதனையை அவர்கள் கையெழுத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அங்கே போன வருடம் ஆடிய யாராவது இரண்டு வீரர்களைப் பிடித்துச் சம்பளம் தேதிக்கு வந்ததா என்று மட்டும் கேளுங்கள். அதற்கு ஆமாம் என்று உடனே பதில் வந்தால் தைரியமாகப் போடுங்கள் கையெழுத்தை. பெனால்ட்டி யார் எடுப்பது என்று பேசவும் மறக்காதீர்கள்.